பிலிகுண்டுலு கணக்கு: 177.25 டி.எம்.சி. காவிரி நீரை எங்கே, எப்படி அளக்கிறார்கள்?

காவிரி கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் எல்லையில் இருக்கிறது பிலிகுண்டுலு. "பிலிகுண்டுலுவில் வினாடிக்கு 5,000 கனஅடி நீர்வரத்து" என்று செய்தியில் படித்தால், அது எவ்வளவு தண்ணீர் என்று பலருக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். 5,000 கனஅடி நாள் முழுக்க ஓடினால் 43.2 கோடி கனஅடி. நூறு கோடி கனஅடிதான் ஒரு டி.எம்.சி. என்பதால், அரை டி.எம்.சி.கூட ஆகவில்லை. 2023-இல் பதினைந்து நாட்களுக்கு 5,000 கனஅடி வீதம் விட வேண்டும் என்று உத்தரவு வந்தபோது கர்நாடகத்தில் முழு அடைப்பே நடந்தது. அந்தப் பதினைந்து நாள் தண்ணீர் மொத்தம் ஆறரை டி.எம்.சி. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பு, கொள்ளிடத்தில் உள்ள கீழணை வரையிலான காவிரியின் ஆண்டு நீர்வளம் 740 டி.எம்.சி. என்று கொண்டது. கீழணையில் நின்று அளந்தால் இந்த 740 கிடைக்காது. பானையில் மிஞ்சிய சோற்றைப் பார்த்து உலையில் போட்ட அரிசியைச் சொல்ல முடியாது. யார் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று கூட்ட வேண்டும். அதுபோல ஆற்றில் ஓடியதோடு, மேலே வாய்க்கால்களில் எடுத்தது, அணைகளில் தேங்கியது, ஆவியானது எல்லாவற்றையும் சேர்த்து, வயலிலிருந்து ஆற்றுக்கே வடிந்து திரும்பியதைக் கழித்து வருவதுதான் அந்த எண்.

740 என்பது 50 சதவீத நம்பகத்தன்மை கொண்ட அளவு. இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டுதான் அந்த அளவோ அதற்கு மேலோ கிடைக்கும் என்று பொருள். 75 சதவீத நம்பகத்தன்மைக்குப் போனால் 670 டி.எம்.சி.தான். பற்றாக்குறை என்பது எப்போதாவது வரும் விபத்து அல்ல, கணக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதை இரு மாநிலத்தாரும் உணர வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று பங்கைத் திருத்தியது. தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாக 4. தமிழ்நாட்டின் பங்கில் பெரும்பகுதி நம் எல்லைக்குள் பெய்யும் மழைதான். கர்நாடகத்திலிருந்து வர வேண்டியது 177.25 டி.எம்.சி.

அதை அளக்கும் இடம் பிலிகுண்டுலு. அங்கே மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. 1991-இன் இடைக்கால உத்தரவில், கர்நாடகம் தர வேண்டிய 205 டி.எம்.சி.யை மேட்டூரில் கணக்கிட்டார்கள். இறுதித் தீர்ப்பில் அளவிடம் எல்லைக்கு மாறியது. கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர் அணையில் திறந்த தண்ணீரை வழியில் மணல் குடித்தாலும், வெயில் குடித்தாலும் நம் கணக்கில் சேராது. எல்லைக்கு வந்து சேர்ந்ததுதான் சேரும். அதேபோல அணைகளுக்குக் கீழே சிம்ஷா, அர்க்காவதி ஆறுகள் கொண்டுவந்து கலக்கும் மழைநீரும் அந்த 177.25-க்குள் அடங்கும்.

ஆற்றை அளப்பது பொறுமையான வேலை. குறுக்கு வெட்டைப் பல பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழம் பார்த்து, நீரோட்டமானியை இறக்குகிறார்கள். மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கில் நிறுத்தினால் அந்த இடத்தின் சராசரி வேகம் கிடைக்கும். நீர் தள்ளத் தள்ள அதன் சிறு கிண்ணங்கள் சுழலும். சுற்றுகளை எண்ணினால் வேகம். வேகத்தைப் பரப்பால் பெருக்கிப் பாகங்களைக் கூட்டினால் கனஅடி. இப்படிப் பலமுறை அளந்து, எந்த மட்டத்துக்கு எவ்வளவு ஓட்டம் என்று ஒரு வரைகோடு போட்டுக்கொள்வார்கள். பிறகு அளவுகோலில் மட்டத்தைப் படித்தாலே ஓட்டம் தெரிந்துவிடும். ஆற்றுப்படுகை தோண்டப்பட்டாலோ மேடிட்டாலோ அந்த வரைகோடு பொய்யாகிவிடும், திரும்ப அளக்க வேண்டும்.

இழப்புகளுக்கும் விதி உண்டு. அணையில் ஆவியாகும் நீர் அந்த மாநிலத்தின் பயன்பாடாகவே கருதப்படும். குடிநீருக்கு எடுப்பதில் 20 சதவீதம், தொழிற்சாலைக்கு எடுப்பதில் 2.5 சதவீதம் மட்டுமே செலவாகக் கொள்ளப்படும். மீதி கழிவுநீராக ஆற்றுக்குத் திரும்பும் என்பது அனுமானம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பெங்களூரின் கழிவுநீரில் ஒரு பகுதி விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கு, அங்கிருந்து காவிரிக்கு வருகிறது, உண்மைதான். ஆனால் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே போவது தென்பெண்ணையில் சேர்கிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. காவிரியில் எடுத்த நீர் வேறு ஆற்றில் போய் விழுந்தால் அதைத் திரும்பியதாகச் சொல்வது எப்படி?

மழை குறைந்த ஆண்டில் எல்லோர் பங்கும் அதே விகிதத்தில் குறையும் என்பதே தீர்ப்பு. குறைவை எப்படி அளப்பது என்ற விரிவான சூத்திரம் அதில் இல்லை, சண்டை எல்லாம் அங்கேதான். காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு, கர்நாடகத்தின் நான்கு அணைகளான கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கிக்கு வந்த நீரை முந்தைய 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. காவிரி நீர் மேலாண்மை ஆணையம் முடிவெடுக்கிறது. 2023-24-இல் பிலிகுண்டுலுவுக்கு வந்தது 177.25-இல் பாதிகூட இல்லை. சூத்திரத்தை வறண்ட ஆண்டில் பேச உட்கார்ந்தால் முடிவுக்கு வராது. அணைகள் நிரம்பி நிற்கும் ஆண்டில் பேசி எழுதிவைக்க வேண்டும்.

கணக்கை நீங்களே சரிபார்க்கலாம். நீர் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 டி.எம்.சி. வர வேண்டும், நான்கு மாதமும் சேர்த்து 123.14. பிலிகுண்டுலுவின் அன்றாட வினாடி கனஅடியைக் கூட்டிக்கொண்டே வந்து 11,574-ஆல் வகுத்தால் டி.எம்.சி. கிடைக்கும். மே மாதம் வரை கூட்டிய மொத்தம் சரியாக வந்தாலும், சம்பா நாற்றங்காலுக்கு உதவுவது ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வந்த தண்ணீர்தான்.