வேர்வையில் சுகர் காட்டும் வாட்ச் வாங்கலாமா?

"ஊசியே குத்த வேணாமாம், கையில கட்டினா வேர்வையை வச்சே சுகர் சொல்லிடுமாம். வாங்கலாமா சார்?" வேலூரில் கத்திரி வெயில் தொடங்கினால் என் நோயாளிகள் பலரும் இதைக் கேட்கிறார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

வேர்வையிலும் குளுக்கோஸ் இருக்கிறது, ஆனால் ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். வேர்வை கொட்டினால் அதுவும் நீர்த்துப்போகும், காய்ந்தால் செறிவு ஏறும். 2016-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேர்வையில் குளுக்கோஸ், லாக்டேட், சோடியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அளக்கும் கைப்பட்டையைச் செய்து காட்டினார்கள். அருமையான வேலை. ஆனால் அப்படி வரும் எண்ணை நம்பி இன்சுலின் போடும் நிலை இன்னும் வரவில்லை. தோலைத் துளைக்காமல் தானே சுகர் அளக்கும் எந்த ஸ்மார்ட் வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்தது. கையில் ஒட்டும் 14 நாள் சென்சாரை இதோடு சேர்க்காதீர்கள். அதன் மெல்லிய இழை தோலுக்கு அடியில் போய் அளக்கிறது.

எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. சுகர் இறங்கினாலும் வேர்க்கும். காலையில் சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போட்டுக்கொண்டு, டிபனை விட்டுவிட்டு ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஓடுகிறவருக்குப் பதினொரு மணிவாக்கில் நெற்றியும் பிடரியும் குப்பென்று நனையும். கை நடுங்கும், பேச்சு குழறும். பக்கத்தில் இருப்பவர்கள் "வெயில்தான்" என்று உப்பு மோர் கொடுத்து உட்கார வைப்பார்கள். மோரில் சுகர் ஏறாது. பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் அமுக்கிவிடும்; பல நேரம் வேர்வை மட்டும்தான் அடையாளமாக மிஞ்சும்.

அப்படி வேர்த்தால் உடனே மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கையில் இல்லையா, யோசிக்காமல் சர்க்கரையைச் சாப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், குத்துவதற்கு முன் கையைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். விரலில் ஈரம் இருந்தால் அளவு குறைத்துக் காட்டலாம், மாம்பழப் பிசுக்கு இருந்தால் கூட்டிக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவை வண்டிப் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கும்.