ஆந்தோசயனின்: பூநீலம் எனலாமா?

நாவல் பழம் சாப்பிட்டு சட்டையில் விழுந்த கறையைச் சோப்பு போட்டுத் தேய்த்திருக்கிறீர்களா? கறை போகாது, செவ்வூதாவாக இருந்தது நீலத்துக்கு மாறி நிற்கும். அந்தக் கறையில் இருக்கும் நிறமிதான் ஆந்தோசயனின். புளூபெர்ரி டப்பாவிலும் சத்து மாத்திரை அட்டையிலும் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற சொல்.

1835இல் மார்க்வார்ட் என்ற ஜெர்மானிய மருந்தாளர் பூக்களின் நீல நிறத்துக்கு வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் ஆந்தோஸ் என்றால் பூ, குயானோஸ் என்றால் கருநீலம், ஆக நேராகச் சொன்னால் பூநீலம். ஆனால் ஸ்ட்ராபெர்ரியின் சிவப்பும் இதே குடும்பம்தானே, அதை எப்படி நீலம் என்பது? இந்த நிறமி புளிப்பில் சிவக்கும், சோப்பு, சோடா உப்பு மாதிரி காரப் பொருள் பட்டால் நீலமாகும். எலுமிச்சை பிழிந்தால் மறுபடி சிவப்புக்குத் திரும்பும். சரி, பொதுவாகப் பூநிறமி என்று வைத்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் பொருந்தாது, சாமந்தியின் மஞ்சள் கரோட்டினாய்டு என்ற வேறு நிறமியால் வருகிறது. அதனால் எனக்குப் பூநீலம்தான் பிடித்திருக்கிறது. முதல் தடவை எழுதும்போது பக்கத்திலேயே ஆந்தோசயனின் என்றும் போட்டுவிட்டால் குழப்பம் வராது.

ஐரோப்பியக் காடுகளில் தானாக விளையும், புளூபெர்ரிக்கு உறவான பில்பெர்ரிப் பழத்தை நறுக்கினால் உள்சதையும் கருஞ்சிவப்பாக இருக்கும், விரலெல்லாம் சாயம் ஒட்டிக்கொள்ளும். கடையில் வாங்கும் பெரிய புளூபெர்ரியை நறுக்கிப் பாருங்கள், உள்ளே வெளிறிய பச்சை. நிறமெல்லாம் தோலோடு சரி. இந்தத் தோட்ட வகைக்கும் வட அமெரிக்கக் காட்டுச் செடிதான் மூலம். நியூஜெர்சியில் எலிசபெத் வைட் என்ற விவசாயியும் ஃபிரெடரிக் கோவில் என்ற தாவரவியலாளரும் பெரிய பழமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்த்து 1916இல் முதல் விளைச்சலை விற்றார்கள். பழம் பெருத்தால் எடைக்கு எடை தோல் குறையும், பூநீலமும் குறையும்.

அப்புறம் உடம்புக்கு என்ன நன்மை? ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் இவ்வளவு என்று எண் போட்டு விற்பதை நம்பவேண்டாம். அது சோதனைக் குழாயில் எடுத்த அளவு. உடம்பில் அப்படியே நடப்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க வேளாண் துறையே, உணவுகளுக்கு இந்த எண்களைப் போட்டு வைத்திருந்த தன் பட்டியலை 2012இல் எடுத்துவிட்டது. சாப்பிட்டதில் மிகக் கொஞ்சம்தான் அப்படியே ரத்தத்தில் சேர்கிறது, மீதியில் பெரும்பகுதியைக் குடல் நுண்ணுயிர்கள் சிதைத்து வேறு சேர்மங்களாக்குகின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுப்பது ஓரளவு மேம்படுவதாகச் சில ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் யாரும் நிறுத்திவிடாதீர்கள்.