நெறிக்கட்டியும் இரண்டு பாட்டில்களும்

"இருமலே இல்லையே எய்யா, பிள்ளைக்கு எப்படி டிபி?" முக்கூடல் பக்கத்திலிருந்து மகளைக் கூட்டி வந்த அம்மா கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. காசநோய் என்றால் சளி, இருமல் என்றுதானே நாங்களும் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறோம்.

அந்தப் பெண்ணுக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. நெல்லிக்காய் அளவு, வலி கிடையாது. சொத்தைப் பல்லாக இருக்கும் என்று இரண்டு மாதம் ஆன்டிபயாட்டிக் ஓடியிருக்கிறது. நான் கட்டியை எடுத்துப் பரிசோதிக்க அனுப்பினேன். கிரானுலோமா (கிருமியைச் சுற்றி உடம்பு கட்டும் செல் திரள்), காசநோயாக இருக்கலாம் என்று ரிப்போர்ட் வந்தது. சரி, மருந்துக்கு அடங்கும் கிருமியா, அடங்காததா? அது தெரியவில்லை. எடுத்த சதை முழுவதும் ஃபார்மலின் பாட்டிலுக்குள் போயிருந்தது.

தவறு என்னுடையது. ஃபார்மலின் சதையைக் கெடாமல் வைக்கும், கிருமியைக் கொன்றுவிடும். அதற்கப்புறம் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், எதுவும் வளராது. பாதியை வெறும் சலைனில் போடச் சொல்லிச் சீட்டில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நல்லவேளை, பக்கத்தில் இன்னொரு நெறி இருந்தது. ஊசியால் உறிஞ்சி, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் மெஷினுக்கு அனுப்பினோம். ஓடி முடிக்க இரண்டு மணி நேரம்தான். காசநோய்க் கிருமி உண்டு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. (நெறியில் இந்தச் சோதனை நெகட்டிவ் என்று வந்தாலும் நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.) உங்கள் வீட்டில் யாருக்காவது கட்டி எடுத்தால், "சலைன் பாட்டிலும் உண்டா?" என்று கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று. அரசு இலவசமாகத் தருகிறது. சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும். மூன்றாவது மாதம் அம்மா பதறி வந்தார். நெறி பெரிதாகியிருந்தது, மருந்து கேட்கவில்லை என்று அழுகை. செத்த கிருமிகளோடு உடம்பு மல்லுக்கட்டும்போது சிலருக்கு இப்படி வீங்கும். பரிசோதித்துப் பார்த்துவிட்டு அதே மாத்திரையைத் தொடர்ந்தோம், வற்றியது. தனித்தட்டு, தனி டம்ளர் எதுவும் வேண்டாம் என்றேன். நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். கழுத்து நெறி மட்டும் இருந்தால் அடுத்தவருக்குத் தொற்றாது.

போகும்போது, "எனக்கும் நடுமுதுகு வலிக்கி" என்றார் அம்மா. நாள் முழுக்க மடியில் சொளகோடு பீடி சுற்றுகிறவர். பார்த்தேன், உட்கார்ந்த வலிதான். ஆனால் முதுகெலும்புக் காசநோய் இந்தப் பக்கம் ஒளிந்துகொள்வதே 'பீடி சுத்துத வலி' என்ற பெயரில்தான். படுத்தாலும் விடாத வலி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரே ஏமாற்றும், எம்ஆர்ஐ காட்டிக்கொடுக்கும். மருந்தும் ஆறு மாதம் போதாது, ஒரு வருடமாவது ஆகும். கால் மரத்து, நடை தடுமாறி, சிறுநீர் போவதே தெரியவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே பாளை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்புங்கள்.