வெளிநாட்டு வீட்டு வேலை: விசாவில் பார்க்க வேண்டியதும், ஏமாந்தால் கைகொடுக்கும் சட்டமும்

“டிக்கெட், விசா எல்லாம் நாங்க பாத்துக்கறோம், பாஸ்போர்ட்டை மட்டும் குடுங்க” என்று ஏஜெண்ட் சொன்னால், விசாத் தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். எந்த வகை விசா என்று அதில் ஒரு வரி இருக்கும். ‘விசிட்’, ‘டூரிஸ்ட்’ என்று இருந்தால் போகவே வேண்டாம். “அங்க போனதும் வேலை விசாவா மாத்திடலாம்” என்ற பேச்சில்தான் பல பெண்கள் சிக்கியிருக்கிறார்கள்.

காரணம் இதுதான். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈசிஆர் (ECR), அதாவது ‘குடிபெயர்வு அனுமதி தேவை’ என்று அச்சாகியிருக்கும். அவர்கள் சவூதி, குவைத், ஓமன், கத்தார், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, சென்னையில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி தேவை. பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். சம்பளம் எழுதிய ஒப்பந்தம் வேண்டும். பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயம். 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய் கட்டினால் 10 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. வேலை விசாவில் போகிறவருக்குத்தான் இவ்வளவும். விசிட் விசாவில் போனால் எதையும் யாரும் கேட்பதில்லை. அதனால் ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை, நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்ற பதிவும் எங்கும் இல்லை. ஆள் கடத்துகிறவருக்கு வேண்டியது அதுதான்.

ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண்களை வீட்டு வேலைக்கு அனுப்ப, 2016இல் வந்த விதிப்படி தனியார் ஏஜெண்டுக்கு அனுமதியில்லை. அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். மற்ற வேலைகளுக்குத் தனியார் ஏஜெண்ட் ஆள் எடுக்கலாம். ஆனால் அவரது உரிம எண் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 45 நாள் சம்பளம்தான், அதுவும் 30,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஜிஎஸ்டி தனி. ரசீது தராதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஏமாந்து திரும்பிய பெண் புகார் கொடுக்கப் போனால், பெரும்பாலும் முதலில் காதில் விழுவது “நீயாத்தானே போன?” என்பது. இதற்கான பதில் உலக அளவில் எழுதப்பட்டிருக்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2000 நவம்பரில் ஏற்றுக்கொண்ட, ஆள்கடத்தலைத் தடுப்பதற்கான பலெர்மோ நெறிமுறை 2003 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2011இல் அதை உறுதிசெய்தது. ஆளைச் சேர்ப்பது அல்லது கொண்டுபோவது, அதற்குக் கையாளும் மிரட்டல், ஏமாற்று போன்ற வழி, சுரண்டும் நோக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது ஆள்கடத்தல். ஏமாற்றிப் பெற்ற சம்மதத்துக்கு அங்கே மதிப்பே கிடையாது. நம்முடைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும் சம்மதம் பொருட்டல்ல என்றே சொல்கிறது. தண்டனை குறைந்தது 7 ஆண்டு. சிறுமி என்றால் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை.

இங்கே ஒரு நுணுக்கம். 18 வயதுக்குக் கீழே இருந்தால் ஏமாற்று, மிரட்டலை நிரூபிக்கவே தேவையில்லை என்கிறது பலெர்மோ. நம் பிரிவில் அந்த வரி தனியாக இல்லை. ஆகவே சிறுமி விஷயத்திலும், என்ன ஆசை காட்டினார்கள், யாரிடம் எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்பதைப் புகாரில் எழுதிவிடுங்கள்.

புகார் பலவீனமாகப் போவது “சம்பளம் தரவில்லை” என்று மட்டும் எழுதும்போது. அது வெறும் பணத்தகராறாகிவிடும். பாஸ்போர்ட்டைப் பிடுங்கியது, பூட்டி வைத்தது, போனை வாங்கிக்கொண்டது, சொன்ன வேலையும் கொடுத்த வேலையும் வேறானது, எல்லாவற்றையும் தேதியோடு எழுதி, 143ஆம் பிரிவைச் சேர்க்கக் கேளுங்கள். உரிமமில்லாமல் ஆள் எடுப்பதற்கு 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறையும் 2,000 ரூபாய் அபராதமும்தான். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு இது மிகக் குறைவு. அந்த ஒரு சட்டத்தோடு வழக்கை நிறுத்த விடாதீர்கள். கொடுமை நடந்தது வெளிநாட்டில் என்றாலும் ஆள் சேர்த்தது சென்னையில் என்றால் இங்கே புகார் கொடுக்கலாம். எங்கள் எல்லை இல்லை என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. எஃப்ஐஆர் நகல் இலவசம்.

இன்னும் அங்கேயே மாட்டிக்கொண்டிருப்பவருக்குப் பாஸ்போர்ட் கையில் இல்லை என்பது பெரிய தடையல்ல. தன் நாட்டுப் பெண் திரும்பி வரப் பயண ஆவணம் தருவது அரசின் கடமை என்று பலெர்மோவின் 8ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும். டிக்கெட்டுக்கு வழியில்லை என்றால் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்கலாம். இங்கே இருக்கும் குடும்பத்தார் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181, சிறுமி என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. வழக்குக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேளுங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கம், விசா, ஒப்பந்தம், பணம் அனுப்பிய ரசீது, ஏஜெண்டின் போன் எண் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டில் இருவரிடமாவது கொடுத்துவிடுங்கள். தேடச் சொல்லிப் போகும்போது தூதரகம் முதலில் கேட்பது பாஸ்போர்ட் எண்ணைத்தான்.