கூட்டத்துக்கும் வெயிலுக்கும் ஒரே கணக்கு: மதுரையை எந்த நேரத்தில் பார்ப்பது?

"உச்சி வெயில் தாண்டட்டும், அப்புறம் கிளம்பலாம்." "முதல் கூட்டம் போகட்டும், அப்புறம் வரிசைக்குப் போகலாம்." ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் இந்த இரண்டு யோசனையும் நியாயமாகத்தான் தெரிகின்றன. ஆனால் இரண்டும் காலை வாரிவிடும், அதுவும் ஒரே காரணத்தால். மீனாட்சியம்மன் கோயிலையும் அதைச் சுற்றியுள்ள வீதிகளையும் வைத்து அதைப் பார்ப்போம்.

முதலில் வெயில். மதுரையில் கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்காது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மதுரை இருப்பதோ சுமார் 78.1 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால், மதுரையின் உண்மையான நண்பகல் சராசரியாக 12:17-க்கு வரும். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் சேர்ந்து இதை ஆண்டு முழுக்க முன்னும் பின்னும் தள்ளுகின்றன. நவம்பர் தொடக்கத்தில் 12:01 வாக்கில் வரும் உச்சி, பிப்ரவரி நடுவில் 12:31 வரை போய்விடும்.

உச்சி தாண்டிய பிறகு வெயிலின் வலு குறையத் தொடங்குகிறது. சூடு மட்டும் குறைவதில்லை, இன்னும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஏறிக்கொண்டே போகிறது. காரணம் எளிமையான வரவு செலவுக் கணக்கு. தரைக்குச் சூரியனிடமிருந்து வெப்பம் வரவு. அது காற்றுக்கும் வானத்துக்கும் திருப்பிக் கொடுப்பது செலவு. ஒரு மணிக்கு வரவு சற்றுக் குறைந்திருந்தாலும் செலவைவிட அதிகமாகவே இருக்கிறது, அதனால் கையிருப்பு கூடுகிறது. வரவும் செலவும் சமமாகும் நேரத்தில்தான் காற்றின் வெப்பம் உச்சத்தைத் தொடும். மதுரை போன்ற உள்நாட்டு ஊரில் அது பெரும்பாலும் பிற்பகல் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில். குளிர்ச்சிக்கும் இதே கணக்குதான். இரவு முழுக்கச் செலவு மட்டும் நடக்கிறது, சூரியன் உதித்துச் சற்று நேரம் ஆன பிறகே வரவு அதை முந்துகிறது. ஆகவே நாளின் மிகக் குளிர்ந்த நேரம் நள்ளிரவு அல்ல, விடிந்ததை ஒட்டிய நேரம்.

சென்னையில் இந்தக் கணக்குக்குள் கடல்காற்று புகுந்துவிடும். கோடையில் அது நேரத்தோடு உள்ளே வந்தால் நண்பகலை ஒட்டியே வெப்பம் முறிந்துவிடும். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வலுத்து அதைத் தடுத்து வைத்தால், ஊர் கொதிக்கும். மதுரைக்கு அந்த உதவி கிடையாது.

கல்லின் கதை இன்னும் சுவாரசியமானது. கோயிலுக்குள் செருப்பில்லாமல் நடக்கிறோம், ஆகவே நம் பாதத்துக்குக் காற்றின் வெப்பத்தைவிடக் கல்லின் வெப்பம்தான் முக்கியம். திறந்த பிராகாரத்தில் கல் தளத்தின் மேற்பரப்பு காற்றைவிட வெகுவாகச் சூடேறும். அதனால்தான் நார்விரிப்பு போடுகிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள், நடைபாதையில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள். கல்லின் உட்புறம் வேறு மாதிரி. கருங்கல்லுக்குள் வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு அடி ஆழத்துக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் பகல் இரவு ஏற்ற இறக்கமும் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கனமான கல் கூரை போட்ட மண்டபங்கள் முற்பகலில் அவ்வளவு குளுமையாக இருப்பது இதனால்தான், அப்போது உள்ளே வேலை செய்துகொண்டிருப்பது முந்தைய இரவின் குளிர்ச்சி. அதே கூரை, பகல் வெப்பத்தை மாலை மயங்கும் நேரத்தில் மெதுவாகக் கீழே விடும். ஆகவே ஆயிரங்கால் மண்டபத்தைப் போன்ற உள்ளிடங்களுக்கு முற்பகல், திறந்த வீதிகளுக்கு விடியலும் இரவும் என்று பிரித்துக்கொள்வது நல்லது. பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். குளுமையான காலையைத் தங்கும் அறையில் கழித்துவிட்டு, கல் கொதிக்கும் வேளையில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பிராகாரத்தில் ஓடுகிறார்கள்.

இனி வரிசை. இங்கேயும் அதே வரவு செலவுதான், வெப்பத்துக்குப் பதில் ஆட்கள். ஒரு எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு வாசல் நிமிடத்துக்கு 20 பேரை உள்ளே விடுகிறது. ஒன்பது மணி வரை நிமிடத்துக்கு 15 பேர் வருகிறார்கள், வரிசையே இல்லை. ஒன்பதிலிருந்து பத்து வரை 30 பேர் வருகிறார்கள். நிமிடத்துக்குப் பத்துப் பேர் மிச்சம், பத்து மணிக்கு வரிசையில் 600 பேர். பத்திலிருந்து பதினொன்று வரை வருகை 22-ஆகக் குறைகிறது. குறைந்துவிட்டதே என்றுதான் தோன்றும். ஆனால் அது இன்னும் 20-ஐவிட அதிகம், அதனால் பதினொரு மணிக்கு வரிசை 720 பேராக நீண்டிருக்கும். வரிசையில் நிற்போரை வாசலின் வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் கிடைத்துவிடும்: 36 நிமிடம். நிற்போர் எண்ணிக்கை, வருகை வேகம், காத்திருக்கும் நேரம் மூன்றையும் இணைக்கும் இந்த உறவுக்கு 1961-இல் கணித நிரூபணம் தந்தவர் ஜான் லிட்டில். பதினொன்றுக்கு மேல் வருகை மறுபடி 15-க்கு இறங்கினாலும், நிமிடத்துக்கு ஐந்து பேர் வீதம்தான் வரிசை கரையும். பன்னிரண்டரைக்கு இன்னும் 270 பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

கவனியுங்கள், ஒன்பது ஐந்துக்கு வந்தவர் காத்திருந்தது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. கூட்டம் குறையட்டும் என்று பதினொரு மணி வரை பொறுத்து வந்தவருக்கு 36 நிமிடம். வரிசை வேகமாக ஏறும், மெதுவாக இறங்கும். ஆகவே நெரிசலுக்குக் கால் மணி முன்னால் போவது, அது தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் போவதைவிட எவ்வளவோ மேல்.

வாசலின் வேகத்தை நெருங்கி வருகை நடக்கும்போது இன்னொன்றும் நிகழ்கிறது. ஆட்கள் சீராக வருவதில்லை, ஒரு பேருந்து நின்றால் ஐம்பது பேர் சேர்ந்து வருவார்கள். தொலைபேசி இணைப்பகங்களுக்காக டென்மார்க்கின் எர்லாங் 1909-இல் தொடங்கி வைத்த வரிசைக் கணிதம் இதைச் சொல்கிறது. அதன் மிக எளிய மாதிரியில், வாசல் தன் திறனில் 80 சதவீதம் இயங்கும்போது சராசரியாக 4 பேர் இருந்தால், 90 சதவீதத்தில் 9 பேர், 95 சதவீதத்தில் 19 பேர். வருகை துளி கூடினாலும் நிற்பது இரட்டிப்பாகும்.

மதுரையில் பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி மாலை நான்குக்குத் திறப்பார்கள். சாத்தியிருக்கும் நேரத்தில் செலவு சுழியம், வரவு நிற்பதில்லை. கடைசி ஒரு மணி நேரத்தில் நிமிடத்துக்கு ஐந்து பேர் வந்தால்கூட, நடை திறக்கும்போதே 300 பேர் முன்னால் இருப்பார்கள். போதாததற்குக் கல் இன்னும் சுடும், காற்றும் உச்ச வெப்பத்திலிருந்து அதிகம் இறங்கியிருக்காது. நான்கு மணி என்பது மூன்று கணக்கும் ஒன்றாகக் கெட்டுப்போகும் நேரம்.

அலைபேசி வரைபடத்தில் வரும் நெரிசல் பட்டைகளை நம்பலாமா? ஓரளவுக்கு. இடத் தகவலைப் பகிரும் அலைபேசிகளை வைத்து, அந்த இடத்தில் எந்த நேரத்தில் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதை அதன் சொந்த உச்ச நேரத்தோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். இரண்டு இடங்களின் பட்டைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பொருளில்லை. பட்டை சரியத் தொடங்கும் நேரத்தில் வரிசை இன்னும் நீளமாக இருக்கலாம் என்பதும் மேலே பார்த்ததுதான். எல்லோரும் அதே பட்டையைப் பார்த்து அதே காலியான நேரத்துக்குக் கிளம்பினால் அது காலியாக இருக்காது. பொருளியலாளர் பிரையன் ஆர்தர் 1994-இல் ஒரு மதுக்கூடத்தை எடுத்துக்காட்டாக வைத்து இந்தச் சிக்கலை விளக்கினார். எல்லோருக்கும் பொருந்தும் ஒரு நல்ல நேரம் கிடையாது, பெரும்பாலோர் தேர்ந்தெடுக்காத நேரம்தான் உண்டு. அதிகாலை வருடக்கணக்காக அப்படி நீடிப்பதற்குக் காரணம், எழுந்திருப்பது கஷ்டம் என்பதுதான்.

வெளிச்சத்துக்கு வருவோம். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களின் முகபாவம் தெரிய வேண்டுமானால் ஒளி பக்கவாட்டிலிருந்து, தாழ்வாக வர வேண்டும். நண்பகலில் புருவமும் மூக்கும் முகத்தின் மேலேயே நிழலைப் போட்டுவிடும். பொன்னிற வெயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது என்று வெளிநாட்டுப் பயண நூல்களில் எழுதியிருப்பதை இங்கே நம்பக்கூடாது. மதுரையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக மேலேறும். மார்ச் மாதச் சம இரவு நாளை எடுத்துக்கொண்டால், அடிவானத்திலிருந்து ஆறு பாகை ஏற இங்கே சுமார் 25 நிமிடம், லண்டனில் 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஏழரை மணிக்கெல்லாம் இங்கே நிறம் வெளுத்துவிடும்.

எந்தக் கோபுரம் என்பதும் முக்கியம். கிழக்குக் கோபுரத்துக்குக் காலை, மேற்குக் கோபுரத்துக்கு மாலை, இதில் குழப்பமில்லை. வடக்கும் தெற்கும் மாதத்தைப் பொறுத்தவை. மதுரை சுமார் 9.9 பாகை வடக்கே இருக்கிறது, ஆகவே ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும், நிழலில்லா நாட்கள் அவை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் சூரியன் நாள் முழுக்க வடபாதி வானத்திலேயே நடக்கிறது. அப்போது ஒளி வடக்கே உள்ள மொட்டைக் கோபுரத்துக்கு. தெற்கு முகத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் வானத்தில் சிதறி வரும் வெளிச்சம் மட்டுமே.

நான்கிலும் உயரமானது தெற்குக் கோபுரம், சுமார் 170 அடி. அதைப் பார்க்க மார்கழிதான் காலம். அப்போது நண்பகலில்கூட சூரியன் 59 பாகை உயரத்துக்கு மேல் போவதில்லை, விடிந்ததிலிருந்து அந்தி வரை தெற்குப் பக்கமாகவே சரிந்து செல்கிறது. சபரிமலைக்குப் போகிறவர்கள் மதுரையில் இறங்கும் மாதமும் அதுதான், எந்த நேரத்திலும் உள்ளே வரிசை நீளமாக இருக்கும். ஆனால் கோபுரத்தின் வெளிமுகத்தைப் பார்க்க வரிசை தேவையில்லை. காலை ஏழு மணிக்குத் தெற்குச் சித்திரை வீதியில் கோபுரத்தைப் பார்த்து நின்றால் சிற்பங்களில் நம் வலக்கைப் பக்கம் வெளிச்சமாக இருக்கும், மாலை ஐந்துக்கு இடக்கைப் பக்கம். முடிந்தால் இரண்டு வேளையும் போங்கள்.