அடைப்பை யாரும் எடுப்பதில்லை

மேற்கு மாம்பலத்தில் பெரியப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். இதயத் தமனியில் ஸ்டென்ட் என்னும் சின்ன வலைக்குழாய் வைத்து மூன்றாம் நாள். மணிக்கட்டில் சின்னப் பிளாஸ்திரி, சுற்றிலும் கன்றிப்போன நீலம். "அடைப்பை எடுத்துட்டாங்கடா" என்றார். பார்க்க வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். உண்மையில் ஒன்றையும் எடுக்கவில்லை. அது உள்ளேயேதான் இருக்கிறது.

மணிக்கட்டை மரத்துப்போக வைத்து, சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள கதீட்டர் குழாயை ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் வாசல்வரை கொண்டுபோகிறார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் சாயமான டையைச் செலுத்தினால் திரையில் இதயத் தமனிகள் கிளை கிளையாகத் தெரியும். அடைப்புள்ள இடத்தில் கோடு இழையாக மெலிந்திருக்கும்.

என்னைக் கேட்டால் இங்கே கதாநாயகன் ஸ்டென்ட் இல்லை, கதீட்டருக்குள் விடும் கம்பி. தடிமன் 0.36 மி.மீ., நுனி வெந்த சேமியா மாதிரி துவளும். அது அடைப்பைத் தாண்டிவிட்டால் போதும், மற்றதெல்லாம் அதன்மேலேயே ஏறிப் போய்விடும். தாண்டாவிட்டால் பலூனுக்கும் ஸ்டென்டுக்கும் வேலையே இல்லை.

கம்பிமேல் ஏறிப்போய் அடைப்பில் விரியும் பலூனில் நிரப்புவது காற்றல்ல, டை கலந்த உப்புநீர். தப்பித்தவறி வெடித்தாலும் ரத்தத்தில் காற்றுக்குமிழி போகக்கூடாதே! அழுத்தம் 12 வளிமண்டலம் அளவுக்குப் போகும், கார் டயரில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு. அந்தச் சில நொடிகள் ரத்தம் நிற்பதால் நெஞ்சு கனக்கும். "அப்பதான் பயந்துட்டேன்" என்றார் பெரியப்பா. கொழுப்பு சுவரோடு சுவராக நசுங்கி ஒதுங்குகிறது, அவ்வளவுதான்.

1977இல் சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலில் இந்த ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையைச் செய்தபோது வெறும் பலூன்தான். இந்தியாவில் இதன் தந்தை என்று சொல்லப்படும் மாத்யூ சாமுவேல் களரிக்கல் நம் சென்னையில் வேலை பார்த்தவர். பலூன் மட்டும் போட்ட பலருக்குச் சில மாதங்களில் குழாய் மறுபடி சுருங்கியது. அதனால் 1986இல் உலோக வலையான ஸ்டென்ட் வந்தது. அப்போதும் தொல்லை தீரவில்லை: உடல் காயத்தை ஆற்றுகிறேன் என்று செல்களை மிதமிஞ்சி வளர்த்து, வலைக்குள்ளேயே அடைத்தது. சரி என்று அந்த வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை ஸ்டென்டிலேயே பூசினார்கள்.

இதற்கும் ஒரு விலை உண்டு. வளர்ச்சி மட்டுப்படுவதால் உலோகத்தின்மேல் தோல் மூடவும் நாளாகிறது. வெற்று உலோகத்தைக் கண்டால் ரத்தம் உறையப் பார்க்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகள் அதற்குத்தான்.

பெரியம்மா மாத்திரை டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்: "அடுத்த வாரம் இவருக்குப் பல் புடுங்கணும். ரெண்டு நாள் இத நிறுத்திக்கலாமா?"

"ஸ்டென்ட் வெச்ச டாக்டருக்கு முதல்ல போன் போடுங்க பெரியம்மா. அவர் சொல்றவரைக்கும் ஒரு வேளைகூட விடாதீங்க."