மாத்திரை எழுப்பும் பசி

தக்கலைப் பக்கமிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: "தம்பி மனநல மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது சுகரும் வந்தாச்சு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து சட்டியைத் துழாவுகிறான். வாயைக் கட்டத் தெரியாதா இவனுக்கு?"

அக்கா, அவனைத் திட்டாதீர்கள். அது மாத்திரை எழுப்பும் பசி.

கணையம் சுரக்கும் இன்சுலின் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்று பள்ளியிலேயே படித்திருப்போம், தாண்டிவிடலாம். மனச்சிதைவுக்கு (ஸ்கிசோஃப்ரினியா) தரும் மருந்துகளில் எடையையும் சர்க்கரையையும் அதிகம் ஏற்றுபவை ஓலான்சபின், குளோசபின். ஏற்றும் விதம்தான் எனக்கு அலுக்காத விஷயம்.

ஹிஸ்டமின் என்ற உடல் ரசாயனத்தைச் சொன்னதும் நமக்குத் தும்மலும் தடிப்பும் ஞாபகம் வரும். மூளையில் அதற்கு வேறு வேலை: நம்மை விழித்திருக்க வைப்பது, சாப்பிடும்போது 'போதும்' என்பது. அது வந்து உட்காரும் இடம் ஹெச்1 ஏற்பி; ஏற்பி என்றால் செல்லில் சேதியை வாங்கும் இடம். இந்த மாத்திரைகள் முந்திப்போய் அங்கே உட்கார்ந்துகொள்கின்றன. 'போதும்' என்ற சேதி போய்ச் சேருவதில்லை. தூக்கமும் பசியும் ஜோடியாக வருவது இதனால்தான். சளி மாத்திரை போட்டால் கண் சொருகுகிறதே, அதுவும் இதே ஏற்பி அடைபடுவதால்தான். அப்புறம் ஏஎம்பிகே என்றொரு நொதி. செல்லில் எரிபொருள் குறைந்தால் விழித்துக்கொண்டு, மூளையில் பசியைத் தூண்டுவது. இங்கே வயிறு நிறைந்திருக்கும்போதே விழித்துக்கொள்கிறது. 2007இல் எலிகளில் சோதித்தார்கள். குளோசபின் கொடுத்ததும் மூளையில் ஏஎம்பிகே ஏறியது; ஹெச்1 ஏற்பியே இல்லாத எலிகளில் ஏறவில்லை. எவ்வளவு சுத்தமான விடை!

கணையத்திலும் ஒரு மறியல் உண்டு. மரச்சீனிக்கிழங்கு வேகும் வாசனை பட்டதுமே மூளையிலிருந்து வயிற்றுப் பக்கம் இறங்கும் வேகஸ் நரம்பு சேதி அனுப்பி, கொஞ்சம் இன்சுலினை முன்கூட்டியே வரவழைக்கும். அந்தச் சேதியை வாங்கும் எம்3 ஏற்பியையும் இவை அடைக்கின்றன.

அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பினால் சுகரைக் கவனிக்கவும் அவனால் முடியாது. மருந்தை மாற்றலாமா, மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைச் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போனால் மனநலச் சீட்டையும் சுகர் சீட்டையும் சேர்த்தே காட்டுங்கள். கருப்பட்டி போட்டால் சுகர் ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். பேய் பிடித்திருக்கிறது என்று இழுத்துப்போகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

மனச்சிதைவில் ஒரு வேலையைத் தொடங்கும் உந்துதலே குறையும், ஞாபகமும் பிசகும். 'நீயே பார்த்துக்கொள்' என்றால் நடக்காது. கூட ஒரு ஆள் வேண்டும். அந்த உதவியை எப்படிச் செய்வது என்ற ஆராய்ச்சிக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் காலைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஒரு மாதம் அது மட்டும் பழகட்டும். ராத்திரிச் சட்டியில் மீன் துண்டு மிஞ்சட்டும், கிழங்கு மிஞ்ச வேண்டாம். பக்கத்தில் வெள்ளரிக்காய் நறுக்கி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.